காதில் பஞ்சு, கையில் மைக்

விரல் நுனியில் திரித்த இரண்டு சிறு பஞ்சுத் துண்டுகள். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்த மூலையில் நின்றுகொண்டு அக்கா அவற்றைக் காதுகளில் செருகிக்கொண்டார். முகத்தில் பூசியிருந்த ரோஸ் பவுடர் மே மாத வெயிலில் வியர்வையோடு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். எவனோ ஒருவன், மில் சங்கு ஊதியாயிற்று, இன்னும் ஆட்களைக் காணோமே என்று கத்த, கூட்டம் சிரித்தது. நான் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “மிஷின் சத்தத்தையே இது தடுக்குது. இவனுக சத்தம் எம்புட்டு?” பஞ்சை இன்னொரு தரம் அழுத்திவிட்டுக்கொண்டு படியேறினார். கோடை விழா மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கமிட்டியார் இந்த வருடம் என்னைக் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பஞ்சுதான். அந்தப் பஞ்சு கைகொடுத்த இடத்தைத்தான் எழுத வேண்டாம் என்கிறார்கள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நானும் அவரும் அடுத்தடுத்த மிஷின் பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே தெரு. மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், எட்டு மிஷின் தள்ளி நிற்பவளும் படித்துக்கொள்வாள். கழுத்துப் பட்டையைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார், வயிற்றில் தட்டினால் டீ வந்துவிட்டது, மூக்கைத் திருகினால் இவள் சொல்வது அத்தனையும் புளுகு. கல்யாணப் பேச்சு, மாமியார் சண்டை, வயிற்றுவலி எல்லாவற்றையும் நாங்கள் சத்தமில்லாமலே பேசித் தீர்த்தோம். இந்தப் பழக்கத்தோடு வீட்டுக்குப் போனால்தான் வம்பு. ஒன்று ஊருக்கே கேட்கும்படி கத்துவோம், இல்லாவிட்டால் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைப்போம். “என்னட்டி, மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுதே?” என்று என் அம்மா கேட்காத நாள் இல்லை.

எங்கள் தெருவில் மே மாதத்தில் ஒரு சனி ஞாயிறு கோடை விழா நடக்கும். சனிக்கிழமை மெல்லிசைக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை நாடகம். வெளியூரிலிருந்து வரும் பாட்டுக்காரர்களுக்கும் நடிகர்களுக்கும் தெருப் பெண்கள்தான் சமைத்துப் போட வேண்டும் என்பது கமிட்டியின் வழக்கம். மைதானத்தில் பெண்களுக்கென்று கயிறு கட்டி இடம் ஒதுக்குவார்கள். அதில் உட்கார்ந்து நாடகத்தின் பாதியைப் பார்ப்போம். கதை சூடு பிடிக்கும்போது கமிட்டி ஆள் ஒருவர் வந்து கயிற்றருகே நின்று தொண்டையைச் செருமுவார். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஆகவே எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்கூட எந்த நாடகத்தின் முடிவையும் பார்த்ததில்லை. மறுநாள் வீட்டு ஆண்களிடம் கேட்போம். புருஷன், கதாநாயகன் செத்துவிட்டான் என்பார். கொழுந்தன், இல்லை, கல்யாணத்தில் முடிந்தது என்பான். பாதிப் பேர் அங்கேயே தூங்கியிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். அக்காவுக்கு மட்டும் அது ஆறவே இல்லை.

ஒரு வருடம் அவர் நேரே கமிட்டித் தலைவரிடம் போய், சோறு பொங்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் நாடகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நானும் கூட நின்றேன். தலைவர் கோபப்படவில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி சிரித்துக்கொண்டே, “முடிவுல என்னம்மா இருக்கு? நாளைக்கு நான் சொல்லுதேன்” என்றார். திட்டியிருந்தால் அக்கா மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அடுத்த வருடம் கோடை விழாவுக்கு முன்னால் மறுபடியும் போய், நாங்களே ஒரு நாடகம் போடுகிறோம் என்றார். தெருப் பெண்கள் மேடை ஏறுவதா என்று கமிட்டிக்குள் பெரிய ரகளை. கடைசியில், மில்லுக்காரப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பெரிய நாடகத்துக்கு முன்னால் சாயங்கால வெயிலில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். அந்த நேரத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. முதல் ஷிப்ட் முடிகிற நேரம் அது என்பதை யோசிக்கவில்லை.

ஒத்திகைக்கு எங்களுக்கு ஏது நேரம்? மில்லுக்குள்ளேயே பார்த்தோம். மிஷின் ஓட ஓட, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே, அக்கா தன் வசனத்தை உதட்டால் சொல்வார். நான் அந்தப் பக்கம் நடந்துகொண்டே பதில் சொல்வேன். மேஸ்திரி இரண்டு மூன்று தடவை முறைத்துப் பார்த்தார். வழக்கமான ஊர்வம்பு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். நடிக்கிற எங்கள் நாலு பேருக்காகப் போட்ட ஒத்திகையை அந்த ஷிப்ட் முழுக்கப் பார்த்தது. விழா வருவதற்குள் எங்களைவிட அவர்களுக்கு வசனம் நன்றாக மனப்பாடம். ஒரு நாள் நான் ஒரு வரியை மறந்து நின்றபோது, தூரத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

கதை எங்கள் கதைதான். ஒவ்வொரு விழாவிலும் பாதியில் எழுந்துபோய்ச் சமைக்கிற ஒருத்தி, மறுநாள் முடிவைக் கேட்டுக் கேட்டு அலைகிறாள். அக்கா அவளாக நடித்தார். நான் தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு மாமியார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரை விலகியபோது மைதானம் நிறைந்திருந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல், தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வந்து கயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் தலைவர் வெள்ளை வேட்டியில் விசிறிக்கொண்டிருந்தார். ஆரம்பம் கேவலமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மில் பழக்கத்தில் மைக்கில் கத்த, ஸ்பீக்கர் வீலென்று அலறியது. பிறகு அதே மில் பழக்கத்தில் இரண்டு வரியைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். இளவட்டங்கள் ஊளையிட்டார்கள். பஞ்சு புண்ணியத்தில் அக்காவுக்கு எதுவும் எட்டவில்லை. என் உதட்டைப் பார்த்துத் தன் முறை வந்ததைத் தெரிந்துகொண்டு அவர் பாட்டுக்கு நடித்தார். போகப் போக ஊளை அடங்கியது. ஆளுக்கொரு முடிவு சொல்கிற இடத்தில் ஆண்களே சிரித்தார்கள்.

கடைசிக் காட்சியில் அவள் விழாத் தலைவரிடம் போய் நிற்கிறாள். எங்களோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி வேட்டி கட்டி, மீசை வரைந்து, தலைவராக வந்தாள். கையால் விசிறிக்கொண்டு, “முடிவுல என்னம்மா இருக்கு? நாளைக்கு நான் சொல்லுதேன்” என்றாள். அட்சரம் பிசகவில்லை. கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு எல்லாத் தலையும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தலைவரின் விசிறி நின்றது. மைக் செட்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி, குழாயை மூடுவதுபோல் திருகிக் காட்டினார். ஸ்பீக்கரில் இருந்த இரைச்சல் பட்டென்று நின்றது. இந்த நாடகத்தின் முடிவும் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

என் காதில் பஞ்சு இல்லை. மைக் செத்துப்போனது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. அவர் மேடை நடுவில் நின்று, அந்த நாடகத்தையே எதற்காக எழுதினாரோ அந்த வசனத்தைத் தொடங்கிவிட்டார். அதுவும் உணர்ச்சி மிகுந்த இடம் என்பதால் முழுக்க மில் பேச்சு. உதடும் கையும்தான், தொண்டையில் காற்றுகூட இல்லை. நான் மூக்கைத் தொட்டோ கழுத்தைத் தொட்டோ அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்திவிடுவார். நான் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கயிற்றுக்குள் ஒரு பெண் தன் மாமியாருக்காக அக்காவின் உதட்டைப் படித்துச் சொன்னாள். மாமியார் மில்லில் வேலை பார்த்தவர் இல்லை, அவருக்கு எப்படிப் புரியும்? அவள் குரல் கொஞ்சம் பெரிய குரல். பக்கத்தில் இருந்தவளும் தன் பிள்ளைக்குச் சொன்னாள். அப்புறம் வரிசை வரிசையாகத் தொற்றிக்கொண்டது. ஷிப்ட் மொத்தமும் மனப்பாடமாக வைத்திருந்த வசனமல்லவா? மேடையில் ஒருத்தி வாயசைக்க, கீழே பெண்கள் எல்லாரும் ஒன்றாகச் சத்தமாகச் சொன்னார்கள். “வருசம் வருசம் சோறு பொங்கிப் போட்டேன். ஒருத்தர் செத்துட்டான்னீக. ஒருத்தர் மாலை மாத்திட்டான்னீக. நீங்க சொல்லுத முடிவு எனக்கு வேண்டாம். நான் இங்கனயே உக்காந்து பாக்கேன்.”

அக்கா பாதியில் அந்த வாய்களைக் கவனித்துவிட்டார். கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும், முகம் இறுகியது. பிறகு உதடுகளைப் படித்தார். எல்லா உதட்டிலும் தன் வசனம். ஒரு காதிலிருந்து பஞ்சை மெதுவாக எடுத்தார். கடைசி வரியை அவர் சொல்லவே இல்லை, கேட்டுக்கொண்டு நின்றார். அது முடிந்ததும் கதையில் உள்ளபடி மேடைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கீழே இருந்தவர்களும் அசையவில்லை. பெரிய நாடகம் பாதி ஆனதும் தொண்டையைச் செருமுகிற ஆள் வந்து செருமிச் செருமி ஓய்ந்துபோனார். அன்றைக்குப் பெரிய நாடக நடிகர்களுக்குத் தலைவர் தன் காரை அனுப்பி ஓட்டல் பரோட்டா வாங்கி வந்து போட்டார். அந்த நாடகத்தின் முடிவை நாங்கள் பார்த்தோம். சுமாரான முடிவுதான். ஆனால் நாங்களே பார்த்தோம்.

அதன் பிறகு தெருப் பெண்கள் யாரும் கமிட்டிக்குச் சோறு பொங்கவில்லை. கமிட்டியும் பல வருடங்கள் எந்தப் பெண்ணையும் மேடை ஏற்றவில்லை. இப்போது தலைவராக இருப்பவர் அந்தத் தலைவரின் மகன். நல்ல பிள்ளை. போன மாதம் ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கிறார். மலரின் முதல் பக்கத்தில், பெண்களுக்கு முதன்முதலில் மேடை தந்த பெருமை நம் கமிட்டிக்கே உரியது என்று அச்சாகப் போகிறதாம். இது அதற்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். “அப்பாவும் போய்ச் சேந்துட்டாக. அந்த மைக் விசயத்த மட்டும் விட்டுருங்கக்கா” என்றார். அவர் அப்பா கெட்டவர் இல்லை. என் அப்பாவுக்கு மூச்சடைத்தபோது அதே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். அதையும் எழுதத் தயார், எழுதியும்விட்டேன். அதற்காக இதை விட முடியாது. மைக் அணைந்ததை எடுத்துவிட்டால் அந்தப் பெண்கள் எதற்காகச் சத்தமாகச் சொன்னார்கள்? மாம்பழம் தித்திப்பாகத்தான் இருந்தது. தின்றுவிட்டு, முடியாது தம்பி என்று சொல்லி அனுப்பினேன். மலரில் போடாவிட்டால் போகட்டும். சனிக்கிழமை கச்சேரிக்கு முன்னால் நான் பேசுவதாக நோட்டீஸில் பெயர் வந்துவிட்டது. இதையே அங்கே வாசிக்கப் போகிறேன்.

நேற்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அக்கா இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். மில் அவர் காதை முழுசாக வாங்கிக்கொண்டது. மகள் வாங்கித் தந்த காது மிஷின் அலமாரியில் கிடக்கிறது. அதை மாட்டினால் ஃபேன் சத்தம்தான் கேட்கிறதாம். எனக்கென்ன, நான் பழையபடி எதிரே உட்கார்ந்து எழுதியது முழுவதையும் சத்தமில்லாமல் உதட்டால் வாசித்தேன். அவர் பேத்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். மேடைப் பலகையில் உட்கார்ந்த இடம் வந்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

வாசித்து முடித்ததும் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். அவனுகள் மறுபடியும் மைக்கை அமர்த்துவார்களா என்று கேட்டார். மகன் அப்படிச் செய்ய மாட்டார், ஆனாலும் கமிட்டியில் மற்றவர்களும் இருக்கிறார்கள், தெரியவில்லை என்றேன். அக்கா எழுந்துபோய் மருந்து டப்பாவிலிருந்து பஞ்சைப் பிய்த்து, விரல் நுனியில் திரித்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“அமத்தட்டும். முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். நீ வாய மட்டும் தெளிவா அசைட்டி, நான் சத்தமாச் சொல்லுதேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் முறை. பஞ்சு என் கைப்பையில் இருக்கிறது. கமிட்டியாருக்கு ஒரு வார்த்தை: மைக்கை எந்த வரியில் வேண்டுமானாலும் அணைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கேட்காது.