கொத்தாக எண்ணிய துகள்கள்

கணித விரிவுரையாளனாக ஓய்வுபெற்று மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பக்கத்தில், லிந்துலையில் தனியே இருந்தேன். பேச்சுத்துணை ஒரு கணினி. கரைசலில் ஆயிரக்கணக்கான மின்னேற்றத் துகள்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் விரைவாகக் கணிக்க நிரல் எழுதினேன். நடுவிலுள்ளவை மறைப்பதால் தூரத்து விசை மங்கும்; எனவே தொலைவிலுள்ளவற்றைக் கொத்தாக்கி ஒரே புள்ளியாக எடுக்கலாம். அருகிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். விதி எனக்கு அத்துப்படி. விடைதான் பிழையாகவே வந்துகொண்டிருந்தது.

அப்போது மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். எதிரே தொழிலாளர் வரிசைவீடான லயத்திலிருந்து பெண்ணொருத்தி கஞ்சியோடு வந்தாள்.

"ஆர் பிள்ளை நீர்?" என்று கேட்டேன்.

"நாலு வருஷமா ஒங்க வாசலத் தாண்டித்தான் கொழுந்தெடுக்கப் போறேன், சார். ஒங்களுக்கு லயத்துல எல்லாரும் ஒரே ஆளுதான் போல!" என்று சிரித்தாள்.

தேறியதும் நிரலைத் திறந்தேன். பக்கத்துத் துகள்களையும் கொத்தில் சேர்த்திருந்தேன். அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. அவள் பெயரைக் கேட்க ஒரு வாரம் கூசினேன்.