மூடிய குழாய்க்குள் வைத்த பொட்டு

தீக்குச்சி வெட்டும் இயந்திரம் பதினேழு செய்திருக்கிறேன். கடலை மிட்டாயை ஒரே அழுத்தில் சதுரமாக்கும் அச்சு என் கையில் பிறந்தது. அதுவரைக்கும் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்கள். புதூர்ப் பக்கம் மோட்டார் தண்டு முறிந்தால் இன்றைக்கும் என் பட்டறைக்குத்தான் வண்டி வரும். படித்தது ஐந்தாம் வகுப்பு. பழைய இரும்பென்று ஒருவர் ஒதுக்கிப்போட்ட லேத்தில் தொடங்கியவன் நான். அறுவைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்தே பழகியவன். அப்படிப்பட்டவன் ஒரு பாத்திரத்துக்குப் பயந்தேன்.

என்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மா ஆராய்ச்சிக்காகக் கேட்ட எவர்சில்வர் பாத்திரம் அது. உள்ளே காற்றே இருக்கக் கூடாது. ஒரு சின்னத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழாய்கள் கம்பந்தட்டை மாதிரி நிமிர்ந்து நிற்குமாம். மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து எதிர்க் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். படித்தவர்கள் பல பேர் முடியாது என்றதை மூன்று வாரத்தில் செய்து கொடுத்தேன். என் பற்றவைப்பில் ஊசிமுனை ஒழுக்குகூட இல்லை.

முதல் தகட்டை வைத்த அன்று நானும் கல்லூரிக்குப் போயிருந்தேன். புள்ளிகள் பூத்தன. ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ‘பட்’டென்று ஒரு பொறி, எல்லாம் இருட்டு. இரண்டாவது தகடும் அப்படியே செத்தது. வைத்திருந்ததே மூன்று தகடுகள். அவற்றில் கார்பன் குழாய்களை வளர்த்துக் கொடுத்த இடத்தில் இயந்திரம் பழுது, நாலாவது கிடைக்காது. மூன்றாவதும் போனால் அந்த அம்மாவின் ஐந்து வருட டாக்டர் பட்டப் படிப்பு முடியாமலே நின்றுவிடும்.

“ஒழுக்கு இல்ல அண்ணாச்சி, சோதிச்சிட்டேன். ஆனா உள்ள எங்கனயோ வாயு வருது” என்றார். “எலக்ட்ரான் அந்த வாயுவுல மோதினா, அது மின்னேறித் திரும்பி வந்து முனையை அடிக்கும். முனை தேஞ்சிரும். மிச்சம் நிக்கது கூடுதலா மின்சாரத்தை இழுத்து, சூடேறிக் கருகும். அப்புறம் அடுத்தது.”

“எதுலருந்தும்மா வாயு வரும்?”

“ஒரு விரல் ரேகை போதும். அதுல ஒட்டுன எண்ணெயும் ஈரமும் ஆவியா வரும்.”

பட்டறையை விட்டுப் புறப்படும் எந்த இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அனுப்பியதில்லை. படித்தவர்கள் சிரிப்பார்களே என்று இந்தப் பாத்திரத்துக்கு மட்டும், பாத்திரத்தின் உள்ளோடு சேர்ந்த, பக்கவாட்டில் மூடி போட்ட குழாய்க்குள், யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். விரல் ரேகையே போதுமென்றால், நான் வைத்தது அரை விரல் கனம்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பட்டறையின் பெயர் போகும். சொல்லாவிட்டால் அந்தத் தகடு கருகும். கண்ணை மூடினால் பச்சைப் புள்ளிகள் அணைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாள் போனபோது அவர் கடைசித் தகட்டை உள்ளே வைக்க இடுக்கியால் எடுத்துவிட்டார்.

“நில்லும்மா. அந்தப் பக்கத்து மூடியக் கழத்து.”

கழற்றினார். பார்த்தார். என் லேத்தெல்லாம் விலைக்குப் போவது மாதிரி இருந்தது.

“பொட்டு வைக்க வெளிய இடமா இல்ல அண்ணாச்சி?”

“வெளிய வச்சா சிரிப்பியன்னு...”

“இப்ப மட்டும் சிரிக்கலியா?” என்றார். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

நானே தேய்த்துக் கழுவினேன். பாத்திரத்தைச் சூடேற்றி, உள்ளே ஒட்டியிருந்த ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தோம். தகட்டை ஏற்றிய பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவன் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. எழுந்தால் ஒரு புள்ளி அணைந்துவிடும் என்று பயம். ஒரு மணி நேரம் தாண்டியது. மறுநாளும் நின்றது. பன்னிரண்டாம் நாளும் கணினியில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு இறங்காமல் நேராக ஓடியது.

அழுக்கு வாயுவில் இரண்டு செத்தன, சுத்தத்தில் ஒன்று பிழைத்தது: இந்த ஒப்பீடுதான் இப்போது அந்த அம்மாவின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் பெரிய பகுதி. படம் போட்டிருக்கிறார். நன்றிப் பக்கத்தில் எனக்கு இருப்பது ‘உள்ளூர்ப் பட்டறை ஒன்று’ என்று ஒரே வரி. அது போதாது. பாத்திரம் செய்தது நான். தகடுகள் செத்ததற்குக் காரணம் நான். அதை வாய்விட்டுச் சொன்னவனும் நான். அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை எடுத்துவிட்டு, இந்த மூன்றையும் என் பெயரோடு அவர் எழுத வேண்டும்.