பூசைக்காக நிறுத்திய கணினி

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, ஆயுத பூஜை. ஐந்தரைக்கு எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தேன். குளித்தேன். வழக்கமாக ஏழு மணிக்குக் கணினி முன் உட்காருபவன், அன்று ஆறேகாலுக்கே உட்கார்ந்தேன். பூசைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் நான் வேலை பார்க்கும் இடம். அருப்புக்கோட்டை ஸ்டுடியோ ஒன்று எடுத்துவரும் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துத் தருகிறேன். பல ஆண்டுகளாக அந்த ஒரே ஸ்டுடியோவின் வேலைதான். ஐம்பத்திரண்டு வயதில் வேறொன்றைத் தேடிப் போகத் தெம்பில்லை. திருச்சுழிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை அந்த வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால், இனி எல்லா வேலையும் மதுரைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

என் கணினியை இயக்குவது லினக்ஸ். செப்டம்பர் நடுவில் ஒரு அப்டேட் வந்தது. அதிலிருந்து, வீடியோவை நிறம் திருத்தி ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போதெல்லாம் திரை உறைந்துவிடும். மவுஸ் நகராது. ஸ்பீக்கரில் மட்டும் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸின் அடித்தளமான கெர்னலைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டேன். கார்டைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். லினக்ஸோடு வரும் இலவச டிரைவரில் உறையவில்லை. ஆனால் வீடியோவை வெளியே எடுக்க ஒரு முழு நாள் ஓடி, பாதியில் பிழை காட்டி நின்றது.

செவ்வாய்க்கிழமை பதிவுக் கோப்பைப் படித்தபோது ஒரு வரி கிடைத்தது: கார்டு பஸ்ஸை விட்டு விழுந்துவிட்டது. மதர்போர்டில் தகவல் போய்வரும் வழிக்குப் பஸ் என்று பெயர். கார்டே பழுதாகியிருக்கலாம், டிரைவர் குழம்பியும் இருக்கலாம். டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்றுதான் மிச்சம். பூசையன்று காலை போன் ஹாட்ஸ்பாட்டில் அது இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது. நிறுவத் தொடங்கியபோது பத்து மணி.

"ஏங்க, நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது. எந்திரிங்க" என்றாள் மனைவி.

"பத்து நிமிசம் பொறு. டிரைவர் கெர்னலோட சேந்துக்கிட்டு இருக்கு."

"எதோட சேந்தா என்ன? ஓடுற மெஷினுக்கா பொட்டு வைப்பாக? தையல் மெஷினு, அருவாமனை எல்லாம் அடங்கி ஒக்காந்திருக்கு. ஒங்க சாமானுக்கு மட்டும் ஓட்டமாக்கும்."

சுவிட்சை அணைத்துவிட்டாள். நான் சண்டை போடவில்லை. பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை, நானும் தொட்டதில்லை. பாதி நிறுவிய டிரைவரோடும் திரையில் சந்தனப் பொட்டோடும் கணினி நின்றது. பகல் முழுதும் அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு ஸ்டுடியோக்காரர் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். என்னைவிட இளையவர்.

"என்னண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"கார்டு பஸ்ஸ விட்டு விழுந்துருச்சுன்னு காட்டுது தம்பி."

"எந்த பஸ்ஸு, திருச்சுழி பஸ்ஸா? அதுல நிக்கவே எடமிருக்காதேண்ணே, எங்கிட்டு விழுந்துச்சு?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மதுரையில பேசிட்டேண்ணே. பொண்ணு வீட்டுக்காரவுக தினமும் போன் போடுறாக. காலையில டிஸ்க்க எடுத்து வைங்க, மதுரைக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்."

"இந்தக் கல்யாணம் மட்டுந்தானே தம்பி?"

"இருக்கிறது எல்லாத்தையும் குடுத்துருங்கண்ணே."

இரவு சோறு போடும்போது மனைவி கேட்டாள். "அந்தப் பத்து நிமிசம் விட்டிருந்தா ஓடியிருக்குமா?"

"தெரியல" என்றேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

மறுநாள் விஜயதசமி. ஓய்ந்த கருவிகளை எடுத்து வேலை தொடங்கும் நாள். நான் முதல் வேலையாக, கணினியை ஆன் செய்யாமலே பக்கவாட்டு மூடியைத் திறந்தேன்.

"ஒருக்கா போட்டுப் பாக்கலையா?" என்றாள்.

ஓடிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஓடினால் அந்தப் பத்து நிமிடம் அவள் கணக்கில் ஏறிவிடும். கல்யாணங்கள் இருந்த இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, எதில் எந்த ஊர்க் கல்யாணம் என்று ஒட்டி, வாசலருகே நாற்காலியில் வைத்தேன்.