ஒன்றையும் மறைக்காத கபிரியேல்

ஏற்றத்தின் பாதியில் நின்று, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கபிரியேல் மூச்சு வாங்குகிறார். அவருடைய முச்சக்கர வண்டியின் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டாங்கியில் பெற்றோல் இருக்கிறது. சாவி சட்டைப் பையில் கிடக்கிறது. ஆனாலும் வஹகோட்டையில் தன் வீட்டிலிருந்து அந்தோனியார் கோயில் சந்தி வரை, முக்கால் கிலோமீற்றர் தூரம், தினமும் காலையில் அதைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். விவரம் தெரியாத யாராவது நின்று, "என்னாச்சு, ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டால், "வண்டிக்கு ஒண்ணும் இல்லங்க. எனக்குத்தான் லைசன் இல்ல" என்பார்.

தள்ளத் தொடங்கிய முதல் வாரமே பொலிஸுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்துகொண்டார். "ராலாமி, தள்ளிட்டுப் போறதும் ஓட்டுறதுதானா?" சார்ஜன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சாரதி ஆசனத்தில் மட்டும் உட்காராதே என்று சொல்லி அனுப்பினார். சிரிப்போடு சொன்னதைக் கபிரியேல் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். அடைமழை பெய்தாலும் அந்த ஆசனத்தில் உட்காரமாட்டார். பின் ஆசனத்தில், தன் வண்டிக்குத் தானே வாடிக்கையாளரைப் போலக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பாடெல்லாம் சந்தியில், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் உள்ள ஓர் இடத்துக்காக. அங்கே பதினொரு வண்டிகளுக்குத்தான் இடம். காலை ஏழு மணிக்கு வண்டியும் ஆளும் வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் காணவில்லையென்றால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்களின் பட்டியல் தரிப்பிடத்தின் செயலாளர் சதீஸ்குமாரின் பையில் இருக்கிறது. இடம் போய்விட்டால், லைசன் திரும்பி வந்தும் கபிரியேலுக்கு ஓட்டிப் பிழைக்க வழியில்லை. அதனால் வந்து நிற்கிறார். தன் முறை வரும்போது ஹயருக்கு வரும் ஆளைப் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி நிற்கிறார். வீட்டில் உலை கொதிப்பது, சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் மனைவி கெத்தரினின் கைகளால்.

லைசன் போனது குடியால். குடித்தது தங்கை மகனின் ஞானஸ்நான விருந்தில். திரும்பும் வழியில் பொலிஸ் மறித்து பலூனை ஊதச் சொன்னது. ஊதினார், குடித்ததைக் காட்டும் பச்சை நிறம் வந்துவிட்டது. அதுவரை எல்லாருக்கும் நடப்பதுதான். நீதிமன்றத்தில் நடந்ததுதான் கபிரியேலுக்கு மட்டும் நடக்கக் கூடியது.

அன்று கூண்டில் அவருக்கு முன்னால் ஏறிய நான்கு பேர், குற்றத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டதும், "ஆம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார்கள். தண்டப் பணம், ஆறு மாத லைசன் தடை, அவ்வளவுதான். கபிரியேல் ஏறினார். சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த கூண்டு ஒன்றுதான்: பாவசங்கீர்த்தனக் கூண்டு. அங்கே எதையும் மறைக்கக் கூடாது, எத்தனை தரம் என்றும் சொல்ல வேண்டும், சொல்லி முடித்தால் மன்னிப்பு. கைகளைக் கூப்பிக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் அத்தனையையும் கொட்டிவிட்டார்: இன்று மட்டுமல்ல, போன திருநாளுக்கும் குடித்துவிட்டு ஓட்டினேன், கலியாண வீட்டுக்கும் ஓட்டினேன், எத்தனை தரம் என்று நினைவில்லை. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்து அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பன்னிரண்டு மாதம் என்றார்.

"ஃபாதர்கிட்டன்னா மூணு 'அருள் நிறைந்த மரியே'யோட போயிருக்கும்" என்று இப்போதும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பது போலத்தான் இருக்கும். உள்ளே எரிகிறது.

அந்த எரிச்சலில் சட்டம் படித்துவிட்டார். மாட்டிக்கொண்ட எவனும் முதலில் தேடி வருவது கபிரியேலைத்தான். "தண்டம் கட்டிட்டா முடிஞ்சிதுன்னு நெனைக்காத. லைசன் போகும். தடை இருக்கப்ப ஓட்டி மாட்டினா ஜெயில். குடிச்சிட்டு ஆள இடிச்சா இன்சூரன்ஸ்காரன் திரும்பியும் பாக்கமாட்டான். அந்த ஆளு செத்துட்டா வருசக் கணக்கா ஜெயில். ஒரு லோயரப் புடி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மேல ஒரு சொல்லு பேசாத." கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தரம் சொல்வார்.

செயலாளர் சதீஸ்குமாருக்கு இந்தப் பாடம் தேவைப்பட்டதேயில்லை. மத்தியானம் சந்திக் கடைக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு, வாயில் இரண்டு கிராம்பைப் போட்டு மென்றபடி வந்து வண்டியை எடுப்பான். ஒரு நாளும் மாட்டியதில்லை. "நீங்க நீதவானுக்கே பாவசங்கீர்த்தனம் சொன்ன ஆளாச்சே அண்ணே" என்று கபிரியேலின் முதுகில் தட்டுவான். கபிரியேல் அதையும் தாங்கிக்கொள்வார். பட்டியல் அவன் பையில் அல்லவா இருக்கிறது!

போன செவ்வாய்க்கிழமை, தடை முடியப் பதினெட்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிக்கு கமலாட்சி டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்திக்கு வந்தார். எட்டு மாதம். முகம் வியர்த்திருந்தது. கலேவெல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்தியில் நின்றவை இரண்டே வண்டிகள்: முதலாவது கபிரியேலுடையது, அடுத்தது சதீஸ்குமாருடையது. கபிரியேலின் கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுவிட்டு இறங்கியது. கடைக்குப் பின்னாலிருந்து சதீஸ்குமார் அப்போதுதான் வந்துகொண்டிருந்தான்.

டீச்சர் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மூக்கைச் சுருக்கினார். இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல், வெளியே நின்ற கபிரியேலைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. இவரு குடிச்சிருக்காரா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கூண்டிலும் இந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. சதீஸ்குமார் திரும்பவில்லை, பக்கக் கண்ணாடியில் கபிரியேலையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு மாதத்துக்கு மேலாக ஏற்றத்தில் வண்டி தள்ளிய தோள் கபிரியேலுக்கு அந்த நேரம் பார்த்து வலித்தது.

"அது கிராம்பு வாசம் டீச்சர்" என்றார். "அவன் எப்பவும் கிராம்பு மெல்லுவான்."

சதீஸ்குமார் எஞ்சினை முடுக்கினான். "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று கபிரியேல் தன் வண்டிக்கு ஓடினார். சாரதி ஆசனத்தில் உட்காராமல், வெளியே நின்றபடியே உடம்பை வளைத்து உள்ளே எட்டி, கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றிக்கொண்டு வந்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்த டீச்சரின் மடியில் வைத்தார்.