பல்லின் அடியில் அடித்த முத்திரை

பட்டறையில் அவருக்கு முசுடு என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக லேத்தில் நின்று பம்புத் தண்டு கடைகிற மனிதர். வேலை மனசுக்குப் பிடிக்காவிட்டால் கையிலிருந்து விடமாட்டார். "போதும் விடுங்க, இதை யார் பாக்கப் போறா?" என்று முதலாளியே வந்து கெஞ்சுவார். "நான் பாப்பேன்ல" என்பார் இவர். அதோடு பேச்சு முடிந்தது.

அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைச் சண்டைக்கு ஆயுதம் செய்தார் என்றால் நம்புவீர்களா? பொம்மை என்றால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், ரோபோ என்றே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டளவு உடம்பு, இரண்டு சக்கரம், முன்னால் பம்பரமாய்ச் சுற்றும் ஒரு எஃகுச் சில்லு. கனத்த பிளாஸ்டிக் கூண்டுக்குள் இரண்டை விட்டு மூன்று நிமிஷம் மோத விடுவார்கள். ஜெயித்தால் ஒரு கோப்பை, கொஞ்சம் கைதட்டல். இதற்காக வளர்ந்த மனிதர்கள் மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

இவரை அதில் இழுத்துவிட்டவன் மச்சினன், மனைவியின் தம்பி. வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். மோட்டாரும் பேட்டரியும் அவன் பாடு, கூண்டில் ஓட்டுவதும் அவன்தான். சில்லு இவர் பாடு. ரோபோவை முதன்முதலில் பார்த்த மனைவி, "உர்ருன்னு அப்படியே உங்க மூஞ்சி" என்றாள். அன்றிலிருந்து அது குட்டி முசுடு.

முதல் சில்லுக்கு ரம்பம் போல எட்டுப் பல் வெட்டினார். கூண்டில் அது ஒன்றையும் கடிக்கவில்லை. உரசி உரசிப் பொறி பறந்ததுதான் மிச்சம். சாப்பிடும்போதுகூடத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தார். பல் அடுத்தடுத்து வந்தால் எதிரி உள்ளே நுழைய இடமே இல்லை. ஒரே பல் என்றால் அது ஒரு சுற்று வருவதற்குள் எதிரி நன்றாக உள்ளே வந்துவிடுவான், அடியும் ஆழமாக விழும். ஆனால் பல் இருக்கும் பக்கம் கனம் கூடினால் சில்லு ஆடும். அதனால் அந்தப் பக்கம் துளை போட்டு, எதிர்ப்பக்கம் கனம் விட்டு, அச்சில் கோத்து இரண்டு கத்தி விளிம்பின்மேல் உருட்டிப் பார்த்துப் பார்த்து இழைத்தார். அடுத்த போட்டியில் எதிரி ரோபோ கூண்டின் கூரையில் போய் முட்டியது. மச்சினன் அத்தனை பேர் முன்னால் பெரிய முசுடைத் தூக்கிச் சுற்றினான். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக மச்சினன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்து வருஷம் இப்படி நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு போட்டியில் இன்னொரு குழுவின் ரோபோவில் தன் சில்லையே பார்த்தார். அதே ஒற்றைப் பல், அதே துளைகள். "எங்க சொந்த யோசனை" என்று அவர்கள் கூசாமல் சொன்னார்கள். கோப்பையும் அவர்களுக்கே போனது. இவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போகட்டும் மச்சான், விடுங்க" என்றான் மச்சினன்.

விடுகிற ஆளா அவர்? எஃகில் ஒரு முக்கோண முத்திரையைத் தானே செதுக்கினார். அடுத்த சில்லில் அதைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். எங்கே அடித்தார் என்பதுதான் கொடுமை. ஓரத்தில் அடித்தால் களவாணிப் பயல்கள் தேய்த்துவிடுவார்களாம். அதனால் பல்லின் அடியில் அடித்தார். அங்கே தேய்த்தால் பல்லே வீணாகிவிடும், ஒருத்தனும் கை வைக்க முடியாது. அடியெல்லாம் தாங்கும் இடமும் அதுவே. அங்கே ஒரு கூரான கீறல்கூட ஆகாது என்று அவரே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். கோபம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல? பிறகு வழக்கம்போலச் சில்லை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். கடினம் ஏறிய எஃகு உடையாமல் இருக்க மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தார். துடைத்துப் பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மச்சினன் வீட்டுப் பின்கட்டு அறையில் அதைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். சோதனைப் பெட்டியின் மூடிக்கு நாலு கொக்கி. மச்சினன் அவசரத்தில் மூன்றைத்தான் போட்டான். பேசி வைத்த வேகத்துக்கு மேலே கொஞ்சம் கூட்டவும் கூட்டினான். பல் தெறித்தது. மூடியின் இடுக்கு வழியே வெளியே வந்து, அவன் போட்டிருந்த கண்ணாடியை உடைத்துக்கொண்டு இடது கண்ணில் அடித்துக் கீழே விழுந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணி எடுத்துப்போக வந்த கடைசல்காரர் பின்கட்டு அறைத் தரையில் கிடந்த பல்லைப் பார்த்தார். கட்டைவிரல் நுனி அளவு. புதிதாக உடைந்த எஃகு பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது, முத்திரை இருந்த மூலையைத் தவிர. அங்கே நகத்தளவு கறுப்பு. எண்ணெயில் முக்கியபோதே முத்திரையின் கூர்முனையிலிருந்து விரிந்து, இரண்டாம் சூட்டில் கறுத்த விரிசல்.  பல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மனைவி, "எப்படிங்க உடைஞ்சுது?" என்று அழுதாள். இவர் வாயைத் திறப்பதற்குள் கட்டுப் போட்ட முகத்தோடு தம்பியே சொல்லிவிட்டான். "நான்தான்க்கா. வேகத்தைக் கூட்டிட்டேன். ஒரு கொக்கிய மாட்டாம விட்டுட்டேன்."

இவர் பேசாமல் நின்றார். அன்றைக்கு விட்டது, அப்புறம் வாய் வரவே இல்லை.

கண் போனது போனதுதான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஸ்க்ரூ ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று ஒயரிங் வேலை கைவிட்டுப் போயிற்று. மச்சினன் ஒரு மின்சாமான் கடையில் பில் போட உட்கார்ந்தான். அக்காவுக்கோ ஆற்றாமை. பார்க்கும்போதெல்லாம், "அவர் படிச்சுப் படிச்சுச் சொல்வாரேடா, கேட்டியா நீ?" என்று பிடித்துக்கொள்வாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவன் வருவதை நிறுத்தினான், போனையும் எடுப்பதில்லை. ஒரே தம்பி. "அப்படி நான் என்ன சொல்லிட்டேன்?" என்று கேட்டுக் கேட்டு அவள் இளைத்துப்போனாள்.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு மதியம் கடைசல்காரரால் சாப்பிட முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

மச்சினன் கதவைத் திறந்து, வாங்க என்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தான். இவர் துணியைப் பிரித்துப் பல்லை மேசைமேல் வைத்தார்.

"மாப்ளே, இந்தக் கறுப்பைப் பாரு. இது நீ வேகத்தைக் கூட்டுனதால வந்தது இல்ல. முன்னாடியே விரிஞ்சிருக்கு. நான் அடிச்ச முத்திரையால."

அவன் பல்லைத் தொடவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து குட்டி முசுடை எடுத்து வந்தான். பல் இழந்த சில்லு அதிலேயே இருந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தான். உடைந்த இடத்தில் அங்கேயும் நகத்தளவு கறுப்பு. முறிவுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது முப்பது வருஷம் எஃகோடு பழகியவருக்குத் தோன்றவே இல்லை.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளே பாத்துட்டேன்" என்றான்.

"அப்போ ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் எதுக்கு மச்சான் சொல்லணும்? வேகத்தைக் கூட்டுனது நான், கொக்கி போடாதது நான். என் பங்கை அன்னைக்கே சொல்லிட்டேன். உங்க பங்கை நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எதையும் பாக்காம விடுற ஆளா நீங்க?" அவன் குட்டி முசுடை மேசைமேல் வைத்தான். "எட்டு மாசம். கண்ணு வலி ரெண்டு மாசத்துல நின்னு போச்சு மச்சான்."

கடைசல்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவன் தேற்றவில்லை.

"அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"அதை நீங்களே சொல்லிக்குங்க. இதையும் எடுத்துட்டுப் போங்க."

சில்லைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். முனை ஸ்க்ரூவில் உட்காராமல் இரண்டு முறை வழுக்கியது. இவர் உதவக் கையை நீட்டினார். "விடுங்க" என்றான். நாலாவது முறை உட்கார்ந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்க போயிட்டீங்க, பாதிச் சோத்துல எந்திரிச்சு?"

அவர் இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்து ஒட்டினார். இம்மி இடைவெளியில்லாமல் பொருந்தின. முக்கோணம் முழுசாகத் தெரிந்தது.

"இது உங்க முத்திரையாச்சே" என்றாள்.

"ஆமா. அதுலேர்ந்துதான் உடைஞ்சுது. அன்னைக்கே எனக்குத் தெரியும். எட்டு மாசமா நீ உன் தம்பியத் திட்டுனதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"என்கிட்ட அத்தனையும் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தானா?"

 அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.