நான் வெட்டிய மூன்று வரிகள்

எங்கள் சபையின் மாதப் பத்திரிகைக்குப் பதினாறு பக்கங்கள். ஆறாம் பக்கம் சாட்சிக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனையில் யாராவது எழுந்து, கர்த்தர் தமக்குச் செய்ததைச் சொல்வார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். பிறகு செம்பூர் வீட்டில் வைத்து எழுதி, பக்கமும் அமைத்துக் கொடுப்பேன்.

பிழைப்புக்கு நான் ஒரு தமிழ் நாளிதழின் மும்பை அலுவலகத்தில் உதவி ஆசிரியர். விபத்துச் செய்தியில் இறந்தவரின் வயதை இரண்டு இடங்களில் கேட்டு உறுதிசெய்யாமல் பக்கத்தை அனுப்பமாட்டேன். அலுவலகத்தில் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சபை தாராவியில், தோல் பை தைக்கும் ஒரு பட்டறையின் மேல்மாடியில் கூடுகிறது. பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அந்த ஞாயிறு சாட்சி சொன்ன அக்கா, அதே பட்டறையில் பைகளுக்கு உள்துணி தைப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. காசநோய் வந்து குணமானவர். நான்கு நிமிடம் பேசினார். இருமலில் ரத்தம் வந்தது, பட்டறையில் தனியாக உட்கார வைத்தது, ஜெபித்தது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டது, இப்போது எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு சுத்தமாக இருப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

மாத்திரையைப் பற்றி அவர் சொன்ன மூன்று வரிகளை நான் வெட்டினேன். ரத்தம், ஜெபம், சுகம் என்று கதை நேராக ஓடியது. நடுவில் மாத்திரை வந்தால் அற்புதம் சுருங்கிப்போகிறது என்று பட்டது. நானாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்த்தால்தான் பொய், வெட்டினால் அது எடிட்டிங் என்று இருபது வருடமாக நம்பியவன் நான். எழுதியது நன்றாக வந்திருந்தது. ஐயர் படித்துவிட்டு, “கண்ணு கலங்கிட்டு தம்பி” என்றார்.

நான்கு மாதம் கழித்து, ஆராதனை முடிந்து இறங்கும்போது அக்கா இரும்புப் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். கையில் அந்தப் பத்திரிகை.

“தம்பி, நான் இப்படியா சொன்னேன்?”

“என்னக்கா ஆச்சு?”

“கோவண்டியிலிருந்து ஒருத்தி வந்து என் வாசல்ல நின்னு கத்திட்டுப் போறா. அவ புருஷனுக்கும் இதே சீக்கு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, அவதான் இதை வாசிச்சுக் காட்டியிருக்கா. ‘அந்த அம்மாவுக்கு ஜெபத்துலயே போச்சு, எனக்குப் போகாதா’ன்னு மாத்திரையை நிறுத்திட்டான். இப்ப மறுபடியும் ரத்தம். ‘நீ மாத்திரை திங்காமலா எந்திரிச்ச, உண்மையைச் சொல்லு’ங்கா. ஆறு மாசம் தின்னேன்னு சொல்லுதேன். ‘அப்ப இது யாரு சொன்ன பொய்’ங்கா. நான் என்ன சொல்ல?”

அக்கா பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

“தெருவுல பிள்ளைகள்லாம் ‘ஜூட்டி ஆண்ட்டி, ஜூட்டி ஆண்ட்டி’ங்குது. பொய்க்காரியாம் நான். முப்பது வருஷமா அந்தத் தெருவுல இருக்கேன். ஒரு பய என்னை அப்படிச் சொன்னதில்ல.”

“இடம் இல்லக்கா” என்றேன். “பக்கம் நிறைஞ்சுட்டு. அதான் கொஞ்சம் குறைக்க வேண்டியதாப் போச்சு.”

அதற்கு நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது.

ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கோவண்டிக்காரரை நினைத்து உண்மையாகவே வருந்தினார், அன்றைக்கே அவருக்காக ஜெபித்தார். பிறகு, “ஆனா தம்பி, சுகம் கொடுத்தது கர்த்தர்தானே? நீங்க எழுதுனதுல தப்பு எங்க இருக்கு? ஒரு திருத்தம் போட்டுருங்க, போதும்” என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பொய்ச் சாட்சி கூடாது என்ற கட்டளையை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன், படி இறங்கும்போது லேசாக உணர்ந்தேன்.

அடுத்த இதழில் பதினான்காம் பக்கத்தில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் திருத்தம் வந்தது. ‘இடமின்மையால் சாட்சியில் சில வரிகள் விடுபட்டன. சகோதரி மருத்துவ சிகிச்சையும் பெற்றவர்.’ விடுபட்டன. யாரும் வெட்டவில்லை, வரிகள் தாமாக எழுந்து போய்விட்டன. சிகிச்சைக்குப் பின்னால் ஒரு ‘உம்’. இருபது வருட அனுபவம் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழுதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். இந்த முறை சபை நடுவிலேயே, பாய் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் முன்னால், பழைய இதழின் ஆறாம் பக்கத்தை விரித்தார். கட்டுரைக்குக் கீழே நான் வைத்திருந்த புறாப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது எத்தனை வரி இருக்கும் தம்பி?”

எண்ணிப் பார்த்தேன். “அஞ்சு.”

“மூணு வரிக்கு இடம் இல்ல. புறா வந்து உக்கார இடம் இருந்துச்சாக்கும்.”

பாய் சுருட்டிய ஒரு பெண் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

“திருத்தத்தை யாரு பாக்கப்போறா? என் தெருவுல பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நான் வாயால சொன்னேன். நீயும் வாயால சொல்லு.”

மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. சாட்சி உண்டா என்று ஐயர் கேட்டதும் நான் எழுந்தேன். இந்தச் சபையில் அதுவரை மற்றவர்களுடைய சாட்சியைத்தான் எழுதியிருக்கிறேன், ஒருமுறையும் நானே சொன்னதில்லை. அக்கா மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னார், அதை வெட்டியது நான், அவர் பொய் சொல்லவில்லை, மாத்திரை சாப்பிடும் யாரும் நிறுத்தக் கூடாது என்றேன். உட்கார்ந்தபோது பழக்கத்தில் நாலைந்து பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள். ஒரு முதியவர் என் தோளைத் தட்டினார். எனக்கு நன்றாக இருந்தது. அதை எழுதத்தான் இப்போது கூசுகிறது. ஒரு மனிதன் வீட்டில் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கையில், நான் உண்மை பேசியவன் என்று தட்டிக்கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டில் அக்கா காத்திருந்தார்.

“பாதிதான் சொன்ன.”

“என்னக்கா?”

“இடம் இல்லைன்னு எங்கிட்டச் சொன்னியே, அச்சுலயும் போட்டியே, அதைச் சொன்னியா? அதையும் வெட்டிட்ட.”

நான் அதை மறக்கவில்லை. முந்தைய நாள் தாளில் எழுதிப் பார்த்தபோது அது இருந்தது. நீளமாக இருக்கிறதென்று அடித்திருந்தேன்.

“செருப்பைப் போடு. கோவண்டிக்குப் போவோம்” என்றார்.

பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். கோவண்டியில் அந்த வீடு ஒரே அறை. கதவைத் திறந்த பெண் முதலில் அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். நான் யாரென்று சொன்னதும் என் பக்கம் திரும்பினாள்.

“எழுதுனவரா? வாங்க, உக்காருங்க. டீ போடவா? இல்ல, டீயையும் வெட்டிருவீங்களா?”

கணவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிராம்பேயில் ஒப்பந்த வேலை பார்த்தவர். நாற்பது வயது இருக்கும். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. வாயில் முகக்கவசம். தலைமாட்டில் மாத்திரை அட்டைகள். முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த முறை வேறு மாத்திரைகள், முன்னைவிட நீண்ட காலம்.

நின்றுகொண்டே சொன்னேன். வெட்டியது நான். இடம் இருந்தது, அங்கே புறா வைத்தேன். அக்காவிடம் இடம் இல்லை என்றேன். அச்சிலும் அதையே போட்டேன். இன்று காலை சபையில் சொல்லும்போதும் அதை விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் முக்காலியை அக்காவின் பக்கம் தள்ளினாள். “உக்காருங்கக்கா. நான் அன்னைக்கு உங்க வாசல்ல வந்து கத்துனது...”

“அதை அங்க வந்து சொல்லு” என்றார் அக்கா. “அதே சத்தத்துல.”

“வாரேன்க்கா. நாளைக்கே வாரேன்.”

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

கணவர் முதல்முறையாகப் பேசினார். “அக்கா அன்னைக்கு நிஜமா என்னதான் சொன்னாங்க?”

அக்காவின் சாட்சியைக் குறித்திருந்த குறிப்பேடு என் பையில் இருந்தது. எடுத்து வாசித்தேன்: “மாத்திரை குமட்டிக்கிட்டு வரும். தினமும் தவாகானால மருந்து குடுக்குற சிஸ்டர் முன்னால நின்னு, ஆண்டவரே இதை உள்ள இறக்கும்னு ஜெபிச்சிட்டுத்தான் முழுங்குவேன். ஆறு மாசம், ஒரு நாள் விடல. ஒவ்வொரு நாளும் அவர் இறக்குனார்.”

கணவர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“எனக்கும் அப்படித்தான் குமட்டும்” என்றார். “இதுலயே ஜெபமும் இருக்கே சார். இதைப் போய் எதுக்கு வெட்டுனீங்க?”

“அது இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்” என்றேன்.

 

“அந்தத் தாளைக் கிழிச்சுத் தர முடியுமா?” என்று கேட்டார். கிழித்து நீட்டினேன். அதை வாங்கியது மனைவி. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், என் கிறுக்கல் எழுத்தை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உதடு அசைய வாசித்தாள். நான் வாசித்ததில் ஏதாவது விட்டுவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.