சாட்சி சொன்ன அம்மா

இப்போதும் சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்து யாராவது மைக்கைக் கையில் வாங்கினால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். என் அம்மா ஒருமுறை அப்படி வாங்கினாள். தொண்ணூறுகளின் தொடக்கம், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் குணமளிக்கும் கூட்டம். முடக்குவாதத்தில் வீங்கிய முட்டிகளோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள், ஜெபம் முடிந்ததும் தானாகவே மேடையேறினாள். "கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்துட்டாரு" என்றாள். பொய்யில்லை. அன்று வீடு வரைக்கும் என்னைத் தொடாமல்தான் நடந்தாள். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே வலி திரும்பிவிட்டது. ஆனால் மேடையில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? அதற்குள் சேலையூர் முழுக்க அவள் 'சாட்சி சொன்ன அம்மா' ஆகியிருந்தாள். நொண்டினால் கர்த்தருக்கு அவமானம் என்று நினைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று, சபையில் பாயிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாத்திரையை எங்களைத் தெரியாத கடையாகப் பார்த்து நான் வாங்கி வரவேண்டும். அதையும் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடுவாள். "சொல்லித் தொலையேம்மா" என்று கத்தியிருக்கிறேன். "எப்படிடி சொல்றது? என்னைப் பாத்து எத்தனை பேரு விசுவாசத்துல வந்திருக்காங்க" என்பாள். பாஸ்டர் வேறு, நோயாளி இருக்கும் வீட்டுக்கெல்லாம் அவளையே அனுப்புவார். நல்ல மனிதர்தான். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படித்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். வலிப்பு நோய் உள்ள இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை. பாயை விரித்து எங்களை உட்காரவைத்தாள். ஜெபம் முடிந்ததும் முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள்:

"உங்க சாட்சியைக் கேட்டதிலேர்ந்து நான் மாத்திரையே போடறதில்ல ஆன்ட்டி. போட்டா அவிசுவாசம்தானே?"

அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. குழந்தையைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்து, அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே விழுங்கினாள்.

"அப்போ மேடையில சொன்னது பொய்யா ஆன்ட்டி?"

"அன்னிக்கு வலி இல்லம்மா. அது நிஜம். மறுபடி வந்துடுச்சு, அதுவும் நிஜம். வெளிய சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்ல. நீ போய் உன் மாத்திரையை எடுத்துட்டு வா."

அவள் அசையவில்லை. ஏமாந்துபோனவளாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் நீட்டிய கையை விலக்கிவிட்டு அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"என்னால எந்திரிக்க முடியலம்மா. கொஞ்சம் தூக்கி விடு."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அம்மாவைத் தூக்கினாள். பாதி எழுந்ததும் அம்மா வலியில் வாய்விட்டுக் கத்திவிட்டாள். வெளியாள் முன்னால் அவள் கத்தி நான் அன்றுதான் கேட்டேன். அந்தப் பெண் அவளை மெல்ல நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் அவளுடைய மாத்திரை இருந்தது, மறு கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"முதல்ல நீங்க குடிங்க ஆன்ட்டி. வெறும் வாயில முழுங்கிட்டீங்களே" என்றாள்.